இறந்துபோன இறந்தகாலம்

(விருதுநகரில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



1931ம் வருஷத்தில் மூன்றாவது மாகாண சுயமரியாதை மகாநாடு நடந்த ஊர் இது. அப்பேர்ப்பட்ட ஊரில் வந்து நின்றுகொண்டு, இங்கிலீஷ் வினைச்சொற்களின் பழைய இறந்தகால உருவங்களைப் பற்றி நாம் பேசப்போகிறோம் என்றால், "இவருக்கு வேறு வேலையில்லையா?" என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசிப் பெஞ்சியில் இரண்டு பேர் எழுந்திருக்க உத்தேசிப்பதும் தெரிகின்றது. கொஞ்சம் பொறுங்கள். கோவிலைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசுவதற்கு நமக்குப் பின்னால் ஆள் இருக்கின்றார்கள். இந்த விஷயத்தைப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டவர், இந்த மேடைக்கு நாற்காலி கொண்டுவந்து போட்ட தோழர். பேர் சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் நாமும் சொல்லவில்லை.

சங்கதி இதுதான். அவருடைய தகப்பனார் கடப்பாரையும் சம்மட்டியுமாகக் கிணறு வெட்டித் திரிந்தவர். நம்முடைய ஜில்லாவில் ஆற்றை நம்பிப் பிழைக்க முடியாது. கிணற்றை நம்பித்தான் பிழைக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தோழர் எட்டாவது வகுப்பில் படிக்கும்போது, உபாத்தியாயர் ஒவ்வொரு பையனையும் எழுப்பி, தகப்பன் செய்கிற வேலையைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாராம். இவர் எழுந்து, "மை பாதர் டிக்டு எ வெல்" என்றாராம். என் தகப்பன் ஒரு கிணறு தோண்டினான் என்று அர்த்தம். வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. "டிக்டு இல்லையடா, டக்" என்று உபாத்தியாயர் சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். அவரோ, "கிணறு வெட்டுகிறவன் மகனுக்கு இங்கிலீஷ் எதற்கு?" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லி, நூறு தடவை எழுதிக்கொண்டு வரும்படி தண்டனையும் போட்டார். பையன் நூறு தடவையும் எழுதினான். எழுதிக் கொடுத்ததற்கு மறுவாரத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காகிதம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கு அங்கே மிஷின் ஓட்டுகிறார்.

போன மாதம் நம்மிடத்தில் வந்து, "அண்ணாச்சி, இத்தனை வருஷமா மனசுக்குள்ளே கிடக்குது. டிக்டுன்னு நான் சொன்னது அப்படி என்ன பெரிய குத்தம்?" என்று கேட்டார். நமக்குத் தெரிந்த பதிலை அவருக்கு மாத்திரம் சொல்வதைவிட, ஊரறியச் சொல்லுவது நியாயம் என்று பட்டது.

தோழர்களே! டிக்டு என்பது அந்தப் பையன் கற்பனை செய்த சொல் அல்ல. 1611ம் வருஷத்தில், இங்கிலாந்து தேசத்து ஜேம்ஸ் ராஜாவின் உத்தரவால் அச்சான பைபிளில் உள்ள சொல் அது. அந்தப் புத்தகத்தில் எங்கே கிணறு தோண்டினாலும் டிக்டு என்றுதான் தோண்டியிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரும் அப்படி எழுதியிருக்கிறார். இன்று சரியென்று சொல்லும் டக் என்பது அதற்குப் பிறகு பரவியது. அதாவது உபாத்தியாயர் எதைத் தப்பு என்று தண்டித்தாரோ அது தாத்தா. எதைச் சரியென்று நூறு தடவை எழுதச் சொன்னாரோ அது பேரன்.

இந்தச் சங்கதி நமக்கு எப்படித் தெரிந்ததென்றால், பண்டிதராக இருந்து தெரிந்துகொள்ளவில்லை, அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டோம். இருபது வருஷத்துக்கு முன் இந்த ஊர்ப் பஜாரில் மல்லி, வத்தல் கமிஷன் மண்டி ஒன்றில் நாம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். இங்கிலீஷ் கற்றுக்கொள்ள ஆசை. ரயிலடியில் யாரோ இனாமாகக் கொடுத்த பழைய பைபிளும், கிழிந்த அகராதியுமே நமக்குக் கிடைத்த சர்வகலாசாலை. கடவுள் இல்லை என்கிற நாம் பைபிளை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தோம் என்றால், அது பக்தியினால் அல்ல, காசில்லாததினால். அதைப் படித்த தைரியத்தில், வடக்கே ஒரு வியாபாரிக்கு மண்டி சார்பாக நாமே கடிதம் எழுதினோம். உங்கள் ஏஜெண்டு பேசினார் என்பதற்கு 'ஸ்பேக்' என்று போட்டோம்; மூட்டைகள் உடைந்தன என்பதற்கு 'பிரேக்' என்று போட்டோம். பைபிளில் மோசே ஸ்பேக்தான், கற்பலகை பிரேக்தான். அந்த வியாபாரியிடமிருந்து வந்த பதிலில், பணத்தைப் பற்றி ஒரு வரியும், உங்கள் மண்டியில் தீர்க்கதரிசி யாராவது குமாஸ்தாவாக இருக்கின்றாரா என்று ஒரு வரியும் இருந்தது. முதலாளி அதை நாலுபேர் முன் வாசித்தார். ஸ்பேக் செத்து ஸ்போக் வந்துவிட்டது என்பதும், பிரேக் செத்து புரோக் வந்துவிட்டது என்பதும் அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பையன் டிக்டு என்றால் மூடன். நாம் ஸ்பேக் என்றால் கோமாளி. ஆனால் பாதிரியார் பிரசங்க மேடையில் நின்று ஆண்டவர் ஸ்பேக் என்றால், அது கம்பீரம், கேட்பவருக்கு மயிர்க்கூச்செறிகின்றது. சொல் ஒன்றே. சொல்லுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அது சிரிப்பாகவோ பக்தியாகவோ ஆகின்றது.

உண்மையில் அந்தச் சொற்கள் முதலில் எழுதப்பட்டபோது அவற்றுக்குக் கம்பீரம் எதுவும் இல்லை. ஜேம்ஸ் ராஜாவின் பண்டிதர்கள் தங்கள் பைபிளின் வாசகத்தில் பெரும் பகுதியை, அவர்களுக்கு முன் மொழிபெயர்த்த டிண்டேல் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்த டிண்டேல் ஏர் பிடிக்கிற பையனுக்கும் வேதம் விளங்கும்படி செய்கிறேன் என்று கிளம்பியவர். புதிய ஏற்பாட்டை 1526ல் அச்சிட்டுக் கள்ளச் சரக்கைப் போல இங்கிலாந்துக்குள் அனுப்பினார். குருமார்கள் வாங்கி வாங்கிக் கொளுத்தினார்கள். 1536ல் அவரையே பிடித்து, கழுத்தை நெரித்துக் கொன்று, பிறகு பிணத்தையும் எரித்தார்கள். அவர் குற்றம் என்ன? ஜனங்கள் பேசுகிற பாஷையில் எழுதியது. ஸ்பேக் என்பதும் டிக்டு என்பதும் அன்றைக்கு ஏர்க்காலில் நடந்த பாஷை. ஜனங்கள் அதைவிட்டு மேலே போய்விட்டார்கள். புத்தகம் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. நின்றுபோனதையே தெய்வீகம் என்று சொல்லிவிட்டார்கள். 1952ல் அமெரிக்காவில் திருத்தி வெளியிட்ட பைபிளில், மனிதனை மனிதன் 'தௌ' என்று அழைப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, கடவுளை அழைக்கிற இடத்தில் மாத்திரம் அதை வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் கழித்துப்போட்ட பழைய சட்டை கடவுளுக்குப் பொருந்திவிட்டது போலும்!

நிற்க. வினைச்சொற்கள் ஏன் உரு மாறுகின்றன என்பதைப் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கின்றது. ஹார்வார்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர் 2007ல் வெளியிட்டது. சுமார் 1200 வருஷங்களுக்கு முந்திய பழைய இங்கிலீஷிலிருந்து, விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். நடுக்கால இங்கிலீஷில் அவற்றில் 145 மாத்திரமே அடங்காமல் நின்றன. இன்றைக்கு 98. மற்றவையெல்லாம் 'டு' என்கிற பொது வாலை ஒட்டிக்கொண்டு சாதாரண வினைகளாகிவிட்டன. எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தால், வா, போ, செய், சொல் என்று நாள் முழுவதும் வாயில் அடிபடுகிற சொற்கள் மாறவில்லை. எப்போதாவது வருகிற சொற்கள்தான் சீக்கிரம் மாறின. நூறில் ஒரு பங்கு வழக்கமுள்ள வினை, பத்து மடங்கு வேகமாக மாறுகின்றதாம். தினம் எடுக்கிற அருவாள் துருப்பிடிப்பதில்லை என்பதைப் போல.

உதவினான் என்பதற்கு இன்று இங்கிலீஷ்காரர் 'ஹெல்ப்டு' என்கிறார்கள். முன்னே அது 'ஹோல்ப்'. ஏறினான் என்பதற்கு இன்று 'கிளைம்டு', முன்னே 'கிளோம்'. ஹெல்ப்டு என்று முதன்முதலில் சொன்னவன் யார்? சிறு பிள்ளையோ, ஏர் பிடித்தவனோ, பால்காரியோ. அவனையும் அன்றைக்கு யாராவது பெஞ்சியின்மேல் ஏற்றியிருப்பார்கள். இன்றைக்கு இங்கிலாந்து ராஜாவே ஹெல்ப்டு என்றுதான் சொல்லியாகவேண்டும். இது ஒரே திசையில் போகிற வண்டி என்றும் நினைக்கவேண்டாம். விதிக்கு அடங்கியிருந்த டிக்டு, டக் என்று அடங்காததாகப் போனதைப் பார்த்தோம். போனான் என்பதற்குச் சொல்லும் 'வென்ட்' என்பதோ, 'கோ' என்பதற்குப் பிறந்த பிள்ளையே அல்ல. 'வெண்ட்' என்கிற வேறொரு வினையிடமிருந்து தத்து எடுத்தது. இதில் கடவுள் வகுத்த நியதி எங்கே இருக்கின்றது? ஜனங்களின் வாயும் காதும் ஞாபகமும்தான் இருக்கின்றன.

"இங்கிலீஷ் அப்படி இருக்கலாம், நம் தமிழ் அப்படியல்ல, அது என்றும் மாறாதது" என்று சொல்லும் பண்டிதர்கள் இந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல்லை ஞாபகப்படுத்துகிறோம். நகு என்றால் சிரி. புகு என்பதற்குப் புக்கான் என்று இறந்தகாலம் வந்ததுபோல, நகு என்பதற்கு நக்கான் என்று வந்தது. சங்க நூல்களில் அப்படியே இருக்கின்றது. இப்போது, "தலைவர் அவர்கள் நம் பேச்சைக் கேட்டு நக்கார்" என்று நாம் பத்திரிகையில் எழுதினால், தலைவர் சும்மா இருப்பாரா? (சிரிப்பு.) நக்கான் செத்தான், சிரித்தான் வந்தான். புக்கான் செத்தான், புகுந்தான் நின்றான். இன்னொரு விசித்திரம், இங்கிலீஷிலும் சிரித்தல் என்கிற வினைக்கு 'ஹ்லோஹ்' என்று ஒரு பழைய இறந்தகாலம் இருந்து, அதுவும் செத்துப்போயிற்று. இரண்டு பாஷைக்காரரும் பழைய மாதிரி சிரிக்க மறந்துவிட்டார்கள். நன்னூல் எழுதிய பவணந்தியாரே, காலத்தினால் பழையது ஒழிந்து புதியது வருவது குற்றமாகாது என்ற கருத்தில் சூத்திரம் செய்திருக்கிறார். அவர் பேரைச் சொல்லிக்கொண்டு பிரம்பெடுக்கிறவர்கள் அந்தச் சூத்திரம் வரையில் படிக்கவில்லை என்றே எண்ணவேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகள் 'போச்சு', 'ஆச்சு', 'வந்துச்சு' என்று எழுதினால் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கின்றார்கள். போச்சு எங்கேயிருந்து வந்தது? போயிற்று என்பதிலிருந்து. ஆயிற்று ஆச்சானது போல, ஓடிற்று ஓடிச்சானது போல. ஆகவே அது நல்ல குலத்துப் பிள்ளை என்று, குலம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லுகிறோம். வந்துச்சு மாத்திரம் அப்படியல்ல. வந்தது என்பதுதான் பழையது. போச்சு, ஆச்சு, ஓடிச்சு என்று பலவும் 'ச்சு' என்று முடிவதைக் கேட்டுக் கேட்டு, ஜனங்கள் வந்ததையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். ஹோல்ப் என்பதை ஹெல்ப்டு ஆக்கினானே இங்கிலீஷ்காரன், அவன் செய்த காரியமும் இதுவேதான். அவன் செய்தால் இலக்கணம், திருத்தங்கல்காரி செய்தால் கொச்சையா?

நம் பக்கத்துப் பெண்கள் பெரியவர்களை "அவுக வந்தாக, சொன்னாக" என்று சொல்லுவதைச் சினிமாவில் கேலிக்கு வைக்கின்றார்கள். யாழ்ப்பாணத்தார் "நான் நேற்று வந்தனான்" என்பார்கள். நமக்கு அது ஏட்டைப் புரட்டினதுபோல் கேட்கும். அவர்களுக்கோ அடுப்பங்கரைப் பேச்சு. எந்தத் தமிழன் தமிழைப் பார்த்து யார் சிரிப்பது?

இனி, நாற்காலி போட்ட தோழர் வேலை செய்யும் சிவகாசிக்கு வருவோம். கலியாணப் பத்திரிகைகளும் காலண்டர்களும் அங்கே மலைமலையாக அச்சாகின்றன. அவரே ஒருநாள் நம்மிடம் ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டி, "அண்ணாச்சி, சாகிறதுக்கு எத்தனை வார்த்தை பாருங்க" என்றார். கருமாதிப் பத்திரிகைகள். ஒருவர் சிவலோகப் பதவி அடைந்தார். ஒருவர் வைகுண்டப் பதவி அடைந்தார். ஒருவர் இறைவனடி சேர்ந்தார். மடத்துச் சாமியார் ஒருவர் பரிபூரணம் எய்தியருளினார். செத்ததையும் நமக்கு அருளாகச் செய்திருக்கிறார். உயிரோடிருக்கையில் அவர்கள் சாப்பிட்டால் அமுது செய்தருளினார்கள். பேசினால் திருவாய் மலர்ந்தருளினார்கள். அருளினார் என்று வினைக்கு வால் வைத்துவிட்டால், பிறகு "என்ன பேசினார்? அது மெய்யா?" என்று கேட்க நாக்கு வருமா? இங்கிலீஷ்காரனுக்கு ஸ்பேக் செய்கிற வேலையை நமக்கு இந்த அருளினார் செய்கின்றது. பழைய வேஷம் போட்ட வினைச்சொல் பதில் சொல்லாது; கும்பிடத்தான் சொல்லும்.

அதே சிவகாசியில் பட்டாசு ஆபீஸ் வெடித்தால் பத்திரிகைகளில் எப்படி எழுதுவது வழக்கம்? உராய்வு ஏற்பட்டு வெடிவிபத்து நேர்ந்தது, இத்தனை பேர் உடல் கருகி உயிரிழந்தனர் என்று எழுதுவது வழக்கம். இந்த 'இழந்தனர்' என்கிற உருவத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வந்தனன், வந்தனள், வந்தனர் என்பது பழைய வரிசை. வந்தனன் செத்துப்போனது. வந்தனளும் செத்துப்போனது. வந்தனர் மாத்திரம் பத்திரிகைக்காரர் கையில் பிழைத்துக் கிடக்கின்றது. இந்த ஜில்லாவில் எந்த வீட்டிலாவது, எந்தத் தாயாவது, "என் மக்கள் உயிரிழந்தனர்" என்று அழுது கேட்டிருக்கிறீர்களா? "செத்துப்போயிட்டாகளே" என்றுதான் அழுவாள்.

2012ம் வருஷம் செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். வினைச்சொல் யாரையும் கொல்லவில்லை. அவ்வளவு முட்டாள்தனமாக நாம் பேசமாட்டோம். ஆனால் நேர்ந்தது, ஏற்பட்டது, உயிரிழந்தனர் என்று வரிசையாக எழுதினால், அதில் செய்தவன் என்று ஒருவன் இல்லாமல் போகிறான். ஓர் அறையில் எத்தனை பேரை உட்கார்த்தினான், எவ்வளவு மருந்தைக் குவித்துவைத்தான், வெயில் நேரத்தில் யார் கலக்கச் சொன்னான், யார் வந்து பார்த்துவிட்டுச் சரியென்று கையெழுத்துப் போட்டான்: இந்த இறந்தகாலங்கள் எல்லாம் 'ஆன்' என்று முடிகின்றன. இவை பேச்சில் இருக்கின்றன. அச்சுக்கு வரும்போது எங்கேயோ காணாமற்போய், நேர்ந்தது என்று வந்து நிற்கின்றது. மீதியைக் கோவில் வாசலில் உட்கார்ந்திருப்பவன், "விதி முடிந்தது" என்று முடித்துவைக்கிறான்.

"அப்படியானால் பிள்ளைகள் டிக்டு என்றே எழுதலாமா? இலக்கணமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பரீட்சையிலும் உத்தியோகத்திலும் டக் என்றுதான் கேட்கின்றார்கள். ஆகவே டக் என்றே சொல்லிக்கொடுங்கள். ரஸ்தாவில் இடது பக்கம் போ என்று சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. பிரான்சு தேசத்தான் வலது பக்கம் போகிறான் என்பதற்காக அவனை மூடன் என்கிறோமா? வழக்கத்தை வழக்கமென்று சொல்லிக்கொடுத்தால் பையன் கற்றுக்கொள்வான். அதைப் பிறவித் தகுதியென்று சொல்லித் தகப்பன் தொழிலையும் சேர்த்து இழுத்தால், வெளியே போய்விடுவான். 1935ல் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது தமிழ் அழிந்தது என்று அழுதவர்கள் உண்டு. 1978ல் சர்க்காரே உத்தரவு போட்டது. இன்று அந்த எழுத்தில்தான் பஞ்சாங்கமும் சிவகாசியில் அச்சாகின்றது, அழுதவர்களின் பேரப்பிள்ளைகள் அதில்தான் ராகுகாலம் பார்க்கின்றார்கள்.

இந்த ஊரில் பிறந்து, பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காமலே 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாக இருந்த காமராஜருடைய பேச்சில் எந்தப் பண்டிதருடைய இறந்தகாலமும் இருந்ததில்லை. பள்ளிக்கூடங்கள் இருந்தன. நம்முடைய குறையெல்லாம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போன பிள்ளையை ஒரு வினைச்சொல்லைக் காட்டி வெளியே அனுப்புகிறார்களே என்பதுதான்.

தோழருடைய மகள் இப்போது ஏழாவது வகுப்பில் படிக்கிறாள். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். தகப்பன் சொன்னது தப்பில்லை என்று நாம் சொன்னபோது, "எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க மாமா" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வருஷம் நாம் கேட்டவற்றிலேயே நல்ல கேள்வி. ஆகையால் நம்முடைய அந்தப் பழைய பைபிளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். ஆதியாகமம் 26வது அதிகாரத்தில் ஈசாக்கும் அவன் வேலைக்காரர்களும் கிணறு தோண்டுகிற இடத்தில் காகிதம் அடையாளம் வைத்து, இந்த மேஜையின்மேல் வைக்கிறோம். கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பெண் பார்க்கட்டும்.